மண்ணுக்கு ஏது வில்லங்கச் சான்று?

பஞ்சமி தீர்த்தத்தன்று திருச்சானூரில் கால் வைக்க இடம் இருக்காது என்பது இங்கே குடியிருக்கும் நம் எல்லோருக்கும் தெரியும். மற்ற நாட்களிலும், மலையிலிருந்து இறங்கும் யாத்திரை பஸ்கள் தாயாரைத் தரிசிக்காமல் ஊர் திரும்புவதில்லை. கூட்டம் வரும் இடத்தில் வியாபாரமும் வரும். தமிழ்நாட்டிலிருந்து வந்து மெஸ், டிபன் கடை, சிறிய லாட்ஜ், லாரி சர்வீஸ் என்று இங்கே வேர் விட்ட குடும்பங்கள் நம் சங்கத்திலேயே பல. அவர்களுடைய பிள்ளைகள் இப்போது வாடகைக் கடையை விட்டுவிட்டுச் சொந்தமாக இடம் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் என் மைத்துனர் வாலாஜாப்பேட்டையிலிருந்து வந்திருந்தார். பைபாஸ் ரோட்டைத் தாண்டி ரேணிகுண்டா போகும் பக்கம் ஒரு பழைய லாரி ஒர்க் ஷாப் விலைக்கு வந்திருந்தது. 28 சென்ட் இடம், ஒரு தகர ஷெட், ஒரு கிணறு. கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே பன்னிரண்டு அறைகள், முன்புறம் பஸ் நிறுத்த இடம் என்று அவர் மனக்கோட்டை கட்டிவிட்டார். விலையும் பக்கத்து மனைகளைவிடக் கணிசமாகக் குறைவு. ஊரில் இருந்த நிலத்தில் பாதியை விற்ற பணம் அவர் கையில் இருந்தது.

திருப்பதி வட்டாரத்தில் நிலம் வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். தேவஸ்தான நிலமா, ஹாதிராம்ஜி மடத்து நிலமா, புறம்போக்கா, ரிஜிஸ்டர் செய்யக்கூடாத 22-ஏ பட்டியலில் அந்த சர்வே நம்பர் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் நல்ல பதிலே கிடைத்தது. 30 வருட வில்லங்கச் சான்றில் ஒரே ஒரு பழைய அடமானம், அதுவும் தீர்ந்துபோனது. தாய்ப் பத்திரம் முதல் எல்லாம் கோர்வையாக இருந்தன. நான் 31 வருடம் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். நானும் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பத்திரம் சுத்தம், அட்வான்ஸ் கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மைத்துனர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கிணற்றை எட்டிப் பார்த்தார். அவர் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன். ஒரு வாளி இறைத்தோம். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய ஏடு ஒன்று மிதந்தது. முகர்ந்தால் டீசல் வாசனை. கூட வந்த தரகர், "மோட்டார் ஆயில் சார், இரண்டு நாள் இறைத்தால் போய்விடும்" என்றார்.

எதிரே டீக்கடை வைத்திருந்த பெரியவர் தெலுங்கில் வேறு கதை சொன்னார். இருபது வருடத்துக்கு மேல் அங்கே லாரி எஞ்சின் வேலை நடந்ததாம். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு குழி. பழைய எஞ்சின் ஆயில் எல்லாம் அதில்தான். டீசலை டிரம் டிரம்மாக வாங்கி வைத்திருப்பார்கள். சில வருடங்கள் ஒரு மூலையில் பாட்டரி வேலையும் நடந்தது. ஆசிட்டைத் தரையிலேயே கொட்டிவிட்டு, ஈயத் தகட்டை உருக்கி எடுப்பார்களாம். மழைக்காலத்தில் அந்தக் குழி நிரம்பி வழிந்ததைத் தாம் பார்த்ததாகவும் சொன்னார்.

இதில் ஒரு வரியாவது வில்லங்கச் சான்றில் உண்டா? இருக்க வழியில்லை. வில்லங்கச் சான்று என்பது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான். விற்றது, அடமானம் வைத்தது, பாகம் பிரித்தது எல்லாம் அதில் வரும். மண்ணுக்குள் கொட்டியது எந்த சப்-ரிஜிஸ்திராரிடமும் பதிவாவதில்லை. டீசல் டிரம்களுக்காவது வேறு ஏதாவது காகிதம் இருக்கும் என்று நினைப்பீர்கள். 1934-ஆம் வருடத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, டீசல் போன்ற 'பி' வகை எண்ணெய் ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்குள் இருந்து, எந்த ஒரு கலமும் 1,000 லிட்டரைத் தாண்டாவிட்டால், லைசென்சே தேவையில்லை. பெட்ரோல் பங்க் இருந்த இடம் என்றால் லைசென்ஸ், வரைபடம், டாங்க் எண்ணிக்கை எல்லாம் ஏதாவது ஒரு ஃபைலில் இருக்கும். டிரம்மில் வைத்துப் பிழைத்த ஒர்க் ஷாப்புக்கு எந்தச் சுவடும் இருக்காது.

திருச்சானூர்ப் பக்கம் ஸ்வர்ணமுகி ஆற்றுப் பாங்கான மண். மணல் கலந்த மண்ணில் மேலே ஊற்றியது சீக்கிரம் கீழே இறங்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானதால் நிலத்தடி நீரின் மேல் மிதந்துகொண்டே பக்கத்துக்கும் நகரும். ஈயம் அப்படி இல்லை, மேல் மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும். ஆனால் ஆசிட் கூடச் சேர்ந்தால் அதுவும் கரைந்து இறங்கும். 2021 நவம்பரில் ஸ்வர்ணமுகி கரை புரண்டதே, அப்படி ஒரு வெள்ளம் வந்தால் மேல் மண்ணில் இருப்பது எந்த வீட்டு வாசலுக்கு வேண்டுமானாலும் போகலாம்.

இப்போது மைத்துனர் ஊர்க் கதைக்கு வருகிறேன். வாலாஜாவுக்குப் பக்கத்தில்தான் ராணிப்பேட்டை. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற கம்பெனி, தோல் பதனிடுவதற்கு வேண்டிய குரோமிய உப்புகளைத் தயாரித்து வந்தது. 1990-களின் நடுவில் அது மூடப்பட்டது. மூடியபோது மிச்சம் வைத்துவிட்டுப் போனது இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவுக் குவியல். மழை பெய்தால் அதிலிருந்து கரைந்து ஓடும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் நிறம் அது. புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்ட பொருள். குடிதண்ணீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. கம்பெனி நடத்தியவர்கள் போய்விட்டார்கள். குவியலும், அதன் கீழே நிலம் வைத்திருந்தவர்களும்தான் மிச்சம். அந்த ஊர்க்காரர் கிணற்றை எட்டிப் பார்ப்பதில் என்ன ஆச்சரியம்?

அதே வட்டாரத்துத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்ட் 28 அன்று புகழ்பெற்ற தீர்ப்பைக் கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கு அது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொல்லப்பட்டது. நட்ட ஈடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் அவரையே சேரும். ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகத் தீர்ப்பிலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்து 28 வருடங்களுக்குப் பிறகு, 2025 ஜனவரி 30 அன்று, அதே வேலூர் விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தலையிட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடமிருந்து வசூலிக்கட்டும் என்று உத்தரவிட்டது. ராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகே பிச்ரி என்ற கிராமத்து வழக்கும் இதே கதைதான். ரசாயன ஆலைக் கழிவால் கிணறுகள் கெட்டன. 1996 பிப்ரவரியில் தீர்ப்பு. ஆலை, இயந்திரம், அசையாச் சொத்துக்கள் அத்தனையையும் கோர்ட் ஜப்தி செய்தது. சுத்தம் செய்வதற்கான 37 கோடியே 38.5 லட்ச ரூபாயை வருடத்துக்கு 12 சதவீதக் கூட்டு வட்டியுடன் கட்டச் சொல்லி 2011 ஜூலையில் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. 'மாசு செய்தவன் கட்டுவான்' என்ற வார்த்தையை நம்பி நிலம் வாங்குகிறவர்கள் இந்தத் தேதிகளைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். ஜப்தியில் இருக்கும் அப்படி ஓர் ஆலை நிலத்தை விவரம் தெரியாமல் வாங்கியவர் கதியையும் நினைத்துப் பாருங்கள்.

சரி, நம் ஒர்க் ஷாப்பை நடத்தியவர் யார்? டீக்கடைப் பெரியவர் சொன்னபடி மூன்று பேர் மாறி மாறி நடத்தியிருக்கிறார்கள். ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் ஊரை விட்டே போய்விட்டார். மிச்சம் இருப்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரர், அதாவது விற்பவர். நாளை வாங்கிவிட்டால் சொந்தக்காரர் என் மைத்துனர். 1986-ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் பொறுப்பாளி என்பவர் யார் என்று பார்த்தால், அந்த வளாகத்தின் காரியங்களைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் என்றுதான் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் வரும் உத்தரவு, இடத்தை மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லலாம். இருபது வருடத்துக்கு முன் கொட்டியவரைத் தேடிக்கொண்டு அந்த உத்தரவு போகாது. இன்று சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் கதவைத்தான் தட்டும். அது தட்டாவிட்டாலும், உணவு விடுதி நடத்தக் குடிநீர்த் தரமுள்ள தண்ணீர் கட்டாயம். கிணறு கெட்டால் தினம் டாங்கர் தண்ணீர்தான். அஸ்திவாரம் தோண்டினால் எண்ணெய் ஊறிய மண் வரும். அதைச் சாதாரணக் குப்பை போல ஏரிக்கரையில் கொட்ட முடியாது. விசாகப்பட்டினம் பக்கம் பரவாடாவில் இருப்பது போன்ற, அபாயக் கழிவுக்கென்று அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். விலையில் குறைந்த தொகை அந்த லாரி வாடகைக்கே போதுமா என்பது சந்தேகம்.

நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையில் உபயோகமாகும் சட்டம் மிகவும் பழையது. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55-ஆம் பிரிவில், சொத்தில் முக்கியமான குறை ஏதாவது இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இருக்கிறது. சொல்லாமல் மறைப்பது மோசடி என்றே அந்தப் பிரிவு முடிகிறது. குத்தகை விஷயத்தில் இதே கடமையை 108-ஆம் பிரிவு இடத்துக்காரர் மேல் வைக்கிறது. இடத்தை எதற்காக எடுக்கிறோமோ அந்த உபயோகத்தை ஒட்டிய குறையைச் சொல்ல வேண்டும். ஆகவே மெஸ் வைக்கப் போகிறேன், குழந்தைகள் பள்ளி வைக்கப் போகிறேன் என்று பேச்சிலேயே, முடிந்தால் எழுத்திலேயே, தெரிவித்துவிடுவது நல்லது.

இதில் இரண்டு வார்த்தைகளைக் கவனியுங்கள். ஒன்று 'தெரிந்திருந்து'. விற்பவர், "எனக்கே தெரியாது, வாடகைக்கு விட்டிருந்தேன்" என்று கையை விரித்தால் அவருக்குத் தெரியும் என்று நிரூபிப்பது நம் தலையில் விழும். இன்னொன்று 'சாதாரணக் கவனம்'. கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது, வாசனை வருகிறது, எதிரே இருக்கும் டீக்கடைக்காரருக்கே தெரிகிறது என்றால், வாங்கியவர் பிறகு கோர்ட்டுக்குப் போய், "எனக்குத் தெரியாமல் போயிற்று" என்று சொல்ல முடியுமா? பார்க்காமல் இருந்தால் சட்டம் காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. விஷயம் நேர் எதிர். பார்க்காதவனைத்தான் சட்டம் கைவிடுகிறது.

பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2010-ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் வந்தது, ஆந்திராவுக்கும் சேர்த்துத் தெற்கு அமர்வு சென்னையில். ஆனால் நட்ட ஈட்டுக்கு விண்ணப்பிக்க, காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடம்தான் கெடு. பழைய ஒர்க் ஷாப் குழிக்கு அந்த நாளை எங்கே போய்த் தேடுவது? 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகளை அறிவித்தது. மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாநில வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாரியம் ஆராய்ந்து பொறுப்பாளியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதில் ஏற்பாடு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ராணிப்பேட்டை மாதிரிக் குவியல்களுக்கே அது போதுமா என்று தெரியாத நிலையில், 28 சென்ட் லாரி ஷெட் அந்தப் பட்டியலில் வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வாடகைக்கு விடுபவர்களும் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடக் கூடாது. போபால் யூனியன் கார்பைடு ஆலை இருந்த நிலம் மத்தியப் பிரதேச அரசு குத்தகைக்குக் கொடுத்தது. 1984 விபத்துக்குப் பிறகு ஆலை ஓடவில்லை. 1998-இல் நிலம் அரசிடமே திரும்பி வந்தது, கழிவோடு சேர்ந்து. அங்கே கிடந்த 337 டன் நச்சுக் கழிவு பீத்தம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டது 2025 ஜனவரியில். ஒரு மாநில அரசாங்கத்துக்கே குத்தகைக்காரர் விட்டுப்போன குப்பையை அகற்ற இவ்வளவு காலம் ஆயிற்று. ஷெட்டைப் பெயின்ட் கடைக்கோ, முலாம் பூசும் பட்டறைக்கோ, பழைய பாட்டரி வாங்குபவருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு மாதம் ஐந்தாம் தேதி மட்டும் அந்தப் பக்கம் போகிறவர்கள் நம்மில் உண்டு. வாடகை கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பதும் உண்மை. ஏன் கூடக் கொடுக்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனியையே வாங்கினாலும் இதே சங்கதிதான். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையைத் தொடங்கியது பாண்ட்ஸ் கம்பெனி. உலக அளவில் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியதால் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டுகள் ஊர்ப் பழைய சாமான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்படிக்கைக்கு வந்தது 2016-இல். முகப்பவுடருக்கும் க்ரீமுக்கும் ஆசைப்பட்டு வாங்கினாலும் பாதரசமும் கூடவே வரும்.

இங்கே என் சொந்தத் தொழில் பற்றி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் கட்டாதவர்களின் சொத்தை வங்கிகள் 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டத்தில் ஏலம் விடும்போது, 'எங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே' என்று ஒரு வாசகம் போடுவார்கள். நானே எத்தனையோ அறிவிப்புகளில் அதை எழுதியிருக்கிறேன். மூடிப்போன சாயப்பட்டறை, ஃபவுண்டரி, ரைஸ் மில் எல்லாம் அந்த ஒரு வரியோடு கை மாறின. அளவு பார்த்தோம், மதிப்பீட்டாளரை அனுப்பினோம். தரையில் என்ன ஊறியிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க ஃபாரத்தில் கட்டமே கிடையாது. ஏலத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று போகிற நம் இளைஞர்கள், அந்த வாசகத்தின் முழு அர்த்தம் இதுதான் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

அந்த மாதிரி வாசகம் விற்றவரை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பிரசித்தமான உதாரணம் உண்டு. நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் லவ் கனால் என்ற பழைய கால்வாய்ப் பள்ளத்தில் ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி 1942 முதல் 1953 வரை ரசாயனக் கழிவுகளைப் புதைத்தது. பிறகு அந்த இடத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளிக்கூட போர்டுக்கு விற்றது. உள்ளே ரசாயனம் இருக்கிறது, இனி வரும் கெடுதலுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்தது. மேலே பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-இல் அடித்தளங்களில் ரசாயனம் ஊறி வந்து, அரசாங்கம் அவசர நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றியது. 1980-இல் சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது. அதன்படி கொட்டியவரும் பொறுப்பு, இன்றைய சொந்தக்காரரும் பொறுப்பு. தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் அரசாங்கத்துக்கு அது செல்லாது. ஹூக்கரை 1968-இல் வாங்கியிருந்த ஆக்ஸிடென்டல் கம்பெனி 1995-இல் மத்திய அரசுக்கு மட்டும் 129 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது அங்கே கடையோ மோட்டலோ வாங்கும்போது, 'ஃபேஸ் ஒன்' அறிக்கை என்று ஒன்றை வங்கி கேட்பதன் காரணம் இதுதான். நிலத்தின் பழைய உபயோகம் என்ன என்று ஒரு நிபுணர் ஆவணங்களையும் அக்கம்பக்கத்தையும் விசாரித்துத் தரும் அறிக்கை அது. வாங்குமுன் முறையாக விசாரித்தவருக்கு அங்கே சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு.

இங்கே வங்கி கேட்காது, நாமேதான் செய்துகொள்ள வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் அக்கம்பக்கம். டீக்கடை, சைக்கிள் கடை, எதிர்வீட்டுப் பாட்டி. முப்பது வருடமாக அங்கே இருப்பவர் ஒருவராவது கிடைப்பார். தரகரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். அடுத்தது, கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளிடம் சொன்னால் கூகுள் எர்த்தில் அந்த இடத்தின் பழைய வருடத்துப் படங்களை எடுத்துக் காட்டுவார்கள். எங்கள் விஷயத்தில் ஷெட்டுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு திட்டு பல படங்களில் தெரிந்தது. மூன்றாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திருப்பதி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு. இந்த சர்வே நம்பரில் எந்தத் தொழிலுக்காவது அனுமதி கொடுத்ததுண்டா, நோட்டீஸ் கொடுத்ததுண்டா என்று கேட்கலாம். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தாலும் அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் விசாரித்ததற்கு அது சாட்சி.

பிறகு தண்ணீர்ப் பரிசோதனை. உப்பு, கிருமி மட்டும் பார்க்கும் சாதாரணச் சோதனை இதற்குப் போதாது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில், முன்பு நடந்த தொழிலைச் சொல்லி அதற்கேற்பக் கேட்க வேண்டும். ஒர்க் ஷாப் என்றால் எண்ணெயும் ஈயமும், தோல் அல்லது முலாம் பட்டறை என்றால் குரோமியம். எண்ணெய்க்குக் கண்ணாடிப் பாட்டில், ஈயத்துக்கு அவர்களே ஆசிட் விட்டுத் தரும் பிளாஸ்டிக் பாட்டில். குளிர்பானப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்! இரண்டாம் தடவை சரியாகக் கொண்டுபோனோம். குழி இருந்த இடத்தில் ஒரு முழ ஆழத்து மண்ணும் கொஞ்சம் எடுத்துப் போனோம். அவகாசம் இருந்தால் கோடையில் ஒரு முறை, நவம்பர் மழைக்குப் பின் ஒரு முறை பார்ப்பது உத்தமம். நீர்மட்டம் ஏறினால் மண்ணில் ஒட்டியிருந்த எண்ணெயும் கூட வரும்.

எங்கள் அறிக்கையில் தண்ணீரில் எண்ணெய் இருந்தது. ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற குடிநீர் அளவைத் தாண்டியிருந்தது. மண்ணில் இன்னும் மோசம்.

விற்பவர் தரகர் மூலம் இன்னும் நான்கு லட்சம் குறைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். மைத்துனருக்குச் சபலம் தட்டியது. "மாமா, கிணற்றை மூடிவிட்டு போர் போட்டுக்கலாம், மேலே சிமென்ட் தளம் போட்டுட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். அடுப்படியிலிருந்து என் மனைவி வந்து, "சாமி கும்பிட வர்றவங்களுக்கு இந்தத் தண்ணியிலயா சோறு பொங்கிப் போடுவ?" என்று கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. போர் போட்டாலும் அதே நீர்ப்படுகைதான் என்று நான் சொல்லத் தயாராக வைத்திருந்த விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் இப்போது கோயிலுக்குச் சற்று அருகிலேயே வேறு ஓர் இடத்தைப் பத்து வருடக் குத்தகைக்கு எடுத்து மெஸ் நடத்துகிறார். குத்தகைப் பத்திரத்தில் மூன்று ஷரத்துகளைச் சேர்க்கச் சொன்னேன். தொடக்க நாளில் எடுத்த தண்ணீர், மண் அறிக்கை பத்திரத்தோடு இணைக்கப்படும். அதற்கு முன் இருந்த மாசுக்குக் குத்தகைக்காரர் பொறுப்பல்ல. காலி செய்யும்போது மறுபடியும் அறிக்கை எடுத்து, கூடுதலாக ஏதாவது இருந்தால் மட்டும் அவர் பொறுப்பு. இடத்துக்காரர் முதலில் சிரித்தார். பிறகு இது தமக்கும் பாதுகாப்பு என்று புரிந்ததும், பக்கத்துக் கடைக்கும் அதே மாதிரி எழுதிக்கொண்டார். இடத்தை விற்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். உங்களுக்குத் தெரிந்த குறையைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையலாம். 55-ஆம் பிரிவு உங்கள் மேல் திரும்பாது.

அந்தப் பழைய ஒர்க் ஷாப் விஷயத்தில் இன்னும் ஒரு காரியம் செய்தேன். ஆய்வுக்கூட அறிக்கையின் நகல் ஒன்றை விற்பவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையையும் வாங்கி வைத்தேன். இனி அவர் யாரிடமும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. மைத்துனருக்கு இது பிடிக்கவில்லை, "நமக்கு எதுக்கு மாமா ஊர் வம்பு?" என்றார். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் மாலை, ஆம்பூர்க்காரர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் அதே சர்வே நம்பரின் பத்திர நகல். டீக்கடைப் பெரியவர்தான் என் விலாசத்தைக் கொடுத்து அனுப்பினாராம். "ஏதோ ரிப்போர்ட் இருக்குன்னு சொன்னாங்கய்யா" என்றார். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.